சீட்டுக்கு மரமணி, காலுக்கு ஃபிளெக்ஸ்... உங்க ஸ்கூட்டர்ல எதை மாத்தலாம், எதைத் தொடவே கூடாது?

மே மாத மதியம். ஸ்பென்சர் பிளாசா சிக்னல். போன் எடுக்காமல் அந்த ஒரு நிமிடம் பக்கத்து வண்டிகளைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு டெலிவரி தம்பியின் சீட்டில், கார் டிரைவர்கள் போடும் மரமணி விரிப்பு. நழுவாமல் இருக்க சைக்கிள் டியூப்பை அறுத்து இறுக்கிக் கட்டியிருக்கிறார். அவருக்கு முன்னால் நிற்கும் அக்காவின் ஃபுட்போர்டில் குழந்தை உட்கார ஒரு பிரம்பு ஸ்டூல். இந்தப் பக்கம் ஒரு அண்ணன், மிரர் கம்பியில் பால் கவரைக் கட்டி உள்ளே மொபைலைச் சொருகி மேப் பார்க்கிறார். இன்னொருவர் சீட்டின் மேல் ஈரத்துண்டைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருக்கிறார்.

இதில் எதுவுமே ஷோரூமில் வந்ததில்லை.

'மாடிஃபிகேஷன்' என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சவுண்டு சைலன்சரும், கலர் கலர் லைட்டும்தான். ரீல்ஸில் லைக் வாங்குவதும் அதுதான். ஆனால் இடுப்பு வலிக்காக, மழைக்காக, லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் கூடக் கிடைக்காதா என்ற நப்பாசைக்காக நடக்கும் இன்னொரு மாடிஃபிகேஷன் உலகம் இருக்கிறது. அதற்கு கமென்ட்டும் கிடையாது, லைக்கும் கிடையாது. பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டி உட்கார்ந்திருக்கிறது, வெயில் வருஷா வருஷம் வாட்டுகிறது, ஸ்கூட்டரே வேலை செய்யும் இடமாக ஆனவர்கள் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. இந்த நேரத்தில் இந்தச் சின்னச் சின்ன வேலைகளில் எது உருப்படி, எது வெட்டிச் செலவு, எது நம்மை மாட்டிவிடும் என்று பார்த்துவிடலாம். ஆறு வருஷமாக என் வண்டியில் நானும் இதெல்லாம் செய்து பார்த்திருக்கிறேன். பாதி முட்டாள்தனம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

அரை மணி நேர சீட்டில் பத்து மணி நேரம்

ஸ்கூட்டர் விளம்பரங்களை நினைத்துப் பாருங்கள். அப்பா ஆபீஸ் போவார், அம்மா மார்க்கெட் போவார், பொண்ணு காலேஜ் போவாள். எல்லாமே அரை மணி, முக்கால் மணி நேரப் பயணம். சீட்டும் அதற்கேற்ற மாதிரிதான் இருக்கிறது. அதே சீட்டில் ஒருவர் காலை பத்து மணிக்கு ஏறி ராத்திரி பதினோரு மணிக்கு இறங்கினால் என்ன ஆகும்? ரெண்டு வருஷத்தில் ஃபோம் அமுங்கிப் பள்ளமாகிவிடும். அதற்கப்புறம் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரும் நேரடியாக முதுகெலும்பில்தான் ஏறி இறங்கும்.

இதற்கு எல்லோரும் முதலில் செய்வது மேலே ஒரு ஸ்பான்ஜ் வைத்துக் கவர் போடுவது. நானும் அதைத்தான் செய்தேன். மெத்து மெத்தென்று இருந்தது, சரியாக ஒரு வாரம்! மெல்லிய ஸ்பான்ஜ் நம் எடைக்கு முழுசாக அமுங்கிவிடும். அதற்கப்புறம் அது இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். நீண்ட நேரம் உட்கார வேண்டுமென்றால் கொஞ்சம் கெட்டியான ஃபோம்தான் சரி. கடையில் கையால் அமுக்கிப் பார்க்கும்போது கல் மாதிரி தெரியும், ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகுதான் அருமை புரியும். சென்னையில் ஜி.பி. ரோடு பக்கம் போனால் பழைய ஃபோமைச் செதுக்கி, பள்ளத்தில் மட்டும் கெட்டி ஃபோம் ஒட்டி, மேலே புது ரெக்ஸின் தைத்துத் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். மொத்த சீட்டையும் தூக்கிப்போட்டுப் புதுசு வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான 110 சிசி ஸ்கூட்டர்களின் சீட் உயரம் 765 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். அதன் மேல் ரெண்டு இன்ச் ஏற்றினால் 815 ஆகிவிடும். ஐந்தடி ரெண்டு அங்குல உயரமுள்ளவருக்கு சிக்னலில் கால் முழுசாக ஊன்றாது, நுனிக்காலில் நிற்க வேண்டியிருக்கும். பின்னால் வெயிட் இருக்கும்போது மணலில் கால் வைத்தால் கதை முடிந்தது. சாயும் வண்டியை நுனிக்காலால் பிடிக்க முடியாது.

வெயிலுக்கு மெஷ் கவர் நிஜமாகவே நல்ல விஷயம். தேன்கூடு மாதிரி பின்னல் இருக்கும் அந்தக் கவருக்கும் சீட்டுக்கும் நடுவில் காற்று போகும், வேர்வையும் தேங்காது. மரமணி விரிப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் ரெண்டிலும் ஒரு சிக்கல்... கட்டியிருக்கும் எலாஸ்டிக் மூன்று மாதத்தில் தொளதொளவென்று ஆகிவிடும். பிரேக் அடிக்கும்போது விரிப்போடு சேர்ந்து நாமும் முன்னால் சறுக்குவோம். வண்டியை நிறுத்தி வைத்து, சீட்டில் உட்கார்ந்து இடுப்பை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கவர் நகர்ந்தால் அன்றைக்கே வார் வைத்துத் தைத்துவிடுங்கள்.

இடுப்பு வலி வந்ததும் எல்லோரும் சீட்டைத்தான் திட்டுகிறோம். பல நேரம் குற்றவாளி டயர். "மைலேஜ் வரும்ணா, நாற்பது வெச்சு விடுங்க" என்று பெட்ரோல் பங்கில் சொல்லிக் காற்றடிக்கிறோமே, அதன் பலன் இது. கல் மாதிரி இறுகிய டயர் ஒவ்வொரு குழியையும் அப்படியே உடம்புக்கு அனுப்பும், மழையில் பிடிமானமும் குறையும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு காற்று என்பது ஓனர்ஸ் மேனுவலில் இருக்கிறது. முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு, பின்னால் ஆள் ஏறினால் வேறு அளவு. அதைப் பார்க்காமல் ஷாக் அப்சார்பரை மாற்ற 2,000 ரூபாய் எடுத்து வைக்காதீர்கள்.

ஃபிளெக்ஸின் மறுபிறவி

மழைக்காலம் வந்துவிட்டால் ஊரில் கட்சி பேனர்களுக்கு நிஜமான மக்கள் பயன்பாடு ஆரம்பிக்கும். ஹேண்டில்பாருக்குக் கீழே இருந்து முட்டி வரை ஒரு ஃபிளெக்ஸைக் கட்டினால் பேன்ட் நனையாது. ஐரோப்பாவில் இதையே 'லெக் ஏப்ரன்' என்று நல்ல விலைக்கு விற்கிறார்கள். நம்ம ஊர் பதிப்புக்குச் செலவு நாலு கேபிள் டை மட்டும்தான். தலைவர் முகம் உள்பக்கம் வருகிற மாதிரி கட்டுவது உங்கள் அரசியலைப் பொறுத்தது.

கட்டிய பிறகு ஹேண்டில்பாரை இடது கடைசி, வலது கடைசி வரை திருப்பிப் பாருங்கள். ஃபிளெக்ஸ் எங்காவது இழுக்கிறதா? ரெண்டு பிரேக் லீவரும் முழுசாக அழுந்துகிறதா? இண்டிகேட்டர் மறைகிறதா? இதை விட முக்கியமான ஒன்று உண்டு. ஸ்கூட்டர் இன்ஜின் பைக் மாதிரி காற்றில் திறந்து கிடப்பதில்லை. பாடிக்குள் மூடிக் கிடக்கிறது, அதைக் குளிர வைப்பது ஒரு ஃபேன். ஆக்டிவா மாதிரி வண்டிகளில் அது வலது பக்கம் வட்டமாக, ஓட்டை ஓட்டையாகத் தெரியும். மழைக்குப் பயந்து அந்தப் பக்கத்தைக் கவரால் சுற்றிவிட்டால் இன்ஜின் வெந்துவிடும். வண்டிக்குக் குடை பிடிக்கலாம், மூக்கைப் பொத்தக் கூடாது.

குடை என்றதும் இன்னொன்று. ஒரு கையில் குடை, இன்னொரு கையில் ஆக்ஸிலரேட்டர் என்று போகிறவர்களை இப்போதும் பார்க்கலாம். பின்னால் உட்கார்ந்தவர் குடை பிடித்தாலும் அதே ஆபத்துதான். கேரளாவில் 2021-ல் இரு சக்கர வாகனத்தில் குடை பிடிக்கவே தடை போட்டார்கள். காரணம் எளிது. குடை ஒரு பாய்மரம். எதிரில் பஸ் போகும்போது வரும் ஒரு காற்றுக்கு வண்டியே பக்கத்து லேனுக்குப் போய்விடும்.

பெரிய விண்ட்ஷீல்டுக்கும் ஓரளவு இதே கதைதான். மிரர் ஸ்க்ரூவில் மாட்டும் அக்ரிலிக் ஷீட் நெஞ்சில் அடிக்கும் மழையைத் தடுக்கும், சரி. ஆனால் அதற்கு வைப்பர் கிடையாது. நம் கண் மட்டத்துக்கு மேலே போனால், ராத்திரி மழையில் எதிர் வண்டி வெளிச்சம் அந்தக் கீறல்களில் பட்டு எல்லாம் வெள்ளையாகிவிடும். தாடை மட்டத்துக்கு மேலே போகாத சின்ன ஷீல்டு என்றால் வைத்துக்கொள்ளலாம். பாலத்தில் குறுக்குக் காற்று அடிக்கும்போது ஹேண்டில்பார் இழுக்கிறதா என்று முதல் நாளே மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் மழைக்கான பெஸ்ட் மாடிஃபிகேஷன், முன் மட்கார்டின் அடியில் ரெண்டு போல்ட் போட்டு மாட்டும் ஒரு ரப்பர் துண்டு. பழைய லாரி டியூப் போதும். ஷூவில் அடிக்கும் சேற்றுத் தண்ணீர் பாதிக்குப் பாதி குறையும். டயரிலோ ரோட்டிலோ உரசாத அளவுக்கு வெட்ட வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளம் வேற லெவல். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது சைலன்சரில் பைப்பைச் சொருகி மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு போனவர்களை நினைவிருக்கிறதா? ஐடியா என்னவோ சூப்பர்தான், ஆனால் பாதுகாத்தது தப்பான ஓட்டையை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் வரை சைலன்சரில் வெளியே வரும் புகையே தண்ணீரைத் தள்ளிவிடும். இன்ஜினைக் கொல்வது ஏர் ஃபில்டர் வழியாக உள்ளே போகும் தண்ணீர். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதனால் தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் செல்ஃபைத் தொடவே தொடாதீர்கள். தள்ளிக்கொண்டு போய் மேட்டில் நிறுத்தி, மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஏர் ஃபில்டர் பெட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கட்டும். இன்ஜின் ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். கியர் ஆயிலையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

மைலேஜ் என்னும் மாயமான்

2025-ல் நம்ம ஊர் வாகன உலகில் அதிகம் சண்டை நடந்த விஷயம் ஈ20 பெட்ரோல். 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் மட்டுமே பங்குகளில் கிடைக்க ஆரம்பித்ததும் 'மைலேஜ் குறைஞ்சிடுச்சு' என்ற புலம்பல் எல்லா குரூப்பிலும் ஓடியது. எத்தனால் இல்லாத பெட்ரோலையும் விற்க வேண்டும் என்று கேட்ட வழக்கை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எத்தனாலில் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பது வேதியியல், அதில் விவாதமே இல்லை. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே, ஈ20-க்காக வடிவமைக்கப்படாத இரு சக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவிகிதம் மைலேஜ் குறையும் என்று சொல்லியிருந்தது.

இதைச் சாக்காக வைத்து ஒரு சந்தையே திறந்துவிட்டது. பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், தண்ணீரைப் பிரித்து இன்ஜினுக்கு அனுப்பும் 'ஹைட்ரஜன் கிட்', டேங்க்கில் போடும் மாத்திரை... தண்ணீரைப் பிரிக்கக் கரண்ட் வேண்டும், அந்தக் கரண்ட்டை இன்ஜின்தான் பெட்ரோலை எரித்துத் தயாரிக்க வேண்டும். நம்ம பாக்கெட்டிலிருந்து 100 ரூபாய் எடுத்து நமக்கே 60 ரூபாய் கொடுக்கும் ஸ்கீம் இது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 ஸ்கூட்டர்களில் 'கார்புரேட்டர் டியூன் பண்ணித் தர்றேன்' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். கார்புரேட்டரே கிடையாது. சென்சார் பார்த்து எவ்வளவு பெட்ரோல் என்று முடிவு செய்வது கம்ப்யூட்டர்.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் கை வைப்பது வேரியேட்டர் ரோலரில். ஸ்கூட்டரில் கியர் மாற்றும் வேலையைச் செய்வது பெல்ட்டும் இந்தச் சின்ன உருளைகளும்தான். கூடுதல் எடையுள்ள ரோலர் போட்டால் இன்ஜின் குறைந்த வேகத்தில் சுற்றும்போதே 'டாப் கியர்' வந்த மாதிரி ஆகும். ஓ.எம்.ஆரில் ஒரே சீராகப் போகிறவருக்கு மைலேஜ் கொஞ்சம் கூடலாம். ஆனால் நின்று நின்று போகும் தி.நகர் டிராஃபிக்கில், பின்னால் ஆளையும் ஏற்றிக்கொண்டு பாலம் ஏறினால் வண்டி இழுக்கவே இழுக்காது. நாம் ஆக்ஸிலரேட்டரை முறுக்குவோம், வந்த மைலேஜ் போய்விடும். சென்னை மாதிரி ஊருக்கு இது தேவையில்லை என்பது என் கட்சி.

அப்போ என்னதான் பண்றது பாஸ்? மெயின் ஸ்டாண்டு போட்டு வீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஒரு சுற்று கூட முழுசாகச் சுற்றாமல் நின்றால் பிரேக் உரசிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் பெட்ரோல் போட்டு பிரேக் ஷூவைத் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அடுத்தது ஏர் ஃபில்டர், அதற்கப்புறம் டயரில் சரியான காற்று. கடைசியாக, செலவே இல்லாத மாடிஃபிகேஷன், உங்கள் மணிக்கட்டு. வேகம் 40-லிருந்து 60-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ரெண்டே கால் மடங்கு ஆகிறது. பெரிய டெலிவரி பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் வலிக்கும்.

இந்த வேலைகளால் 10 சதவிகிதம் மைலேஜ் கூடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒருநாளைக்கு 120 கிலோமீட்டர் ஓட்டும் டெலிவரி ஊழியர், லிட்டருக்கு 40 கிடைத்தால் 3 லிட்டர் போடுவார். 44 கிடைத்தால் கிட்டத்தட்ட முக்கால் கால் ரூபாய் கணக்கெல்லாம் போக, 27 ரூபாய் மிச்சம். மாதம் 26 நாள் என்றால் 700 ரூபாய். ஆபீஸுக்கு 15 கிலோமீட்டர் போய் வரும் எனக்கு அதே 10 சதவிகிதம் மாதத்துக்கு ரெண்டு பிரியாணி கூடத் தேறாது. மைலேஜுக்காக 3,000 ரூபாய் செலவு செய்யும் முன் நீங்கள் எந்தப் பக்கம் என்று கணக்குப் போடுங்கள். கணக்குப் போட டிஜிட்டல் மீட்டரை நம்பாதீர்கள். டேங்க்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்து, மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்த்து வகுத்துக்கொள்ளுங்கள். மூன்று தடவை செய்து சராசரி எடுத்தால்தான் அது மைலேஜ்.

என் வண்டி அணைந்த ராத்திரி

இப்போ என் கதை. மேப் பார்க்க மொபைல் ஹோல்டர் வாங்கினேன், கூடவே யு.எஸ்.பி சார்ஜர். மிரர் கம்பியில் மாட்டினேன், அழகாக இருந்தது. வயரை எங்கே கொடுப்பது? ஆன்லைன் வீடியோவில் ஒருத்தர் ஹெட்லைட் வயரைப் பிளேடால் சுரண்டி, சுற்றி, டேப் ஒட்டினார். நானும் சுரண்டினேன், சுற்றினேன், ஒட்டினேன். ஃபியூஸ் போடவில்லை. அந்த வீடியோவிலும் போடவில்லை!

மூன்று மாதம் ஜம்மென்று ஓடியது. ஐப்பசி மழையில் ஒருநாள் ராத்திரி பத்தரை மணிக்கு, கத்திப்பாரா பாலத்தின் மேல் லைட், ஹார்ன், இண்டிகேட்டர் எல்லாம் மொத்தமாகப் போய் வண்டியும் நின்றுவிட்டது. பின்னால் லாரி. ஓரமாகத் தள்ளிக்கொண்டு இறங்கிய அந்த ஐந்து நிமிடத்தை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. மறுநாள் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் முன்பக்க பேனலைக் கழற்றினார். டேப் உருகி, உள்ளே ரெண்டு வயர் ஒட்டிக் கருகியிருந்தது.

"யார் தம்பி பண்ணது?"

"நான்தாண்ணே."

"நல்லவேளை, மெயின் ஃபியூஸ் போச்சு. அது போகலைன்னா வண்டி போயிருக்கும்."

அவர் செய்துகொடுத்தது சின்ன வேலைதான். பேட்டரியிலிருந்து தனி வயர், அதன் ஆரம்பத்திலேயே ஒரு சின்ன ஃபியூஸ், சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற மாதிரி ஒரு ரிலே, தண்ணீர் போகாத கனெக்டர். ஒரிஜினல் வயரில் எங்கேயும் பிளேடு படவில்லை. இன்றைக்கு வரை தொந்தரவு இல்லை. ஸ்கூட்டர் பேட்டரி சின்னது, பல மாடல்களில் 3 முதல் 5 ஆம்பியர்-ஹவர்தான். அதில் சார்ஜர், கூடுதல் ஃபாக் லைட், ஸ்பீக்கர் என்று தொங்கவிட்டால் காலையில் செல்ஃப் எடுக்காது. 2017 ஏப்ரலிலிருந்து வந்த வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் என்பதால் அதிக வாட் பல்பு போட்டால் ஹோல்டரே உருகும் வாய்ப்பும் உண்டு.

ஹோல்டர் பற்றி இன்னொன்று. வண்டியின் அதிர்வு போன் கேமராவைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்தது. போன் இ.எம்.ஐ இன்னும் முடியாதவர்கள் ஹோல்டருக்கு அடியில் ரப்பர் துண்டு வைக்காமல் மாட்டாதீர்கள்.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி புக்கில் உள்ள விவரம் மாறுபடும் அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரெண்டுமே என்று சேர்த்தார்கள். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்ற வார்த்தையைக் கவனியுங்கள்.

படித்ததும் மரமணி விரிப்பைக் கழற்றி எறியத் தோன்றும். அவசரப்படாதீர்கள். 52-வது பிரிவுக்குக் கீழேயே ஒரு விளக்கமும் இருக்கிறது. 'மாற்றம்' என்றால் வண்டியின் அமைப்பை மாற்றி, அதனால் அதன் அடிப்படை அம்சமே மாறுவது. சீட் கவரும், மட் ஃபிளாப்பும், ஃபிளெக்ஸும் எந்த அடிப்படை அம்சத்தையும் மாற்றுவதில்லை. இன்ஜின், சேஸிஸ், எரிபொருள், சைலன்சர், லைட் என்று கை வைக்கும்போதுதான் சிக்கல். எலெக்ட்ரிக் கிட், சி.என்.ஜி கிட் எல்லாம் அங்கீகரிக்கப்பட்டதாக இருந்து, ஆர்.டி.ஓ-விடம் ஆர்.சி-யில் ஏற்றினால் மட்டுமே செல்லும். ஆனால் ரோட்டில் மடக்குகிறவருக்கு இந்த நுணுக்கமெல்லாம் பேசிப் புரியவைக்க முடியுமா என்பது வேறு கேள்வி. எனக்குத் தெரிந்த எளிய சோதனை இதுதான்: ஐந்து நிமிடத்தில் கையால் கழற்றினால் வண்டி ஷோரூமில் இருந்து வந்த மாதிரி ஆகிவிடுமா? ஆகும் என்றால் பெரும்பாலும் பயமில்லை.

சட்டம் மாறவே மாறாது என்றும் நினைக்க வேண்டாம். டெலிவரி பாக்ஸ்கள் பெருகிய பிறகு, 2020-ல் ஒன்றிய அரசு அதற்கு அளவு நிர்ணயித்தது. நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மில்லிமீட்டர். அதைப் பின் சீட்டில் வைத்தால் ஓட்டுநர் மட்டுமே போகலாம். மாற்றுத்திறனாளிகளுக்காகப் பக்கவாட்டில் சக்கரம் பொருத்துவது வண்டியின் அமைப்பையே மாற்றும் வேலைதான். ஆனாலும் அதற்கு 52-வது பிரிவிலேயே வழி செய்திருக்கிறார்கள், தமிழக அரசே அப்படிப்பட்ட ஸ்கூட்டர்களை இலவசமாகவும் கொடுக்கிறது. தேவை கண்ணுக்குத் தெரிந்தால் விதி வளைகிறது. பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் சேலை கார்டைக் கட்டாயமாக்கும் விதி இருக்கிறதே, அது நம்ம ஊர் உடைக்காக எழுதப்பட்ட விதிதானே?

பிரம்பு ஸ்டூல் மட்டும் எனக்கு நெருடுகிறது. பார்க்க அழகு, குழந்தைக்கும் குஷி. ஆனால் பிரேக் அடித்தால் குழந்தைக்கு முன்னால் இருப்பது ஹேண்டில்பார். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுநரோடு இணைக்கும் பெல்ட்டும், ஹெல்மெட்டும், 40 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகமும் வேண்டும் என்று 2022-ல் விதி வந்தது. அந்த பெல்ட்டை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? நான் ரோட்டில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

அப்புறம் இன்ஷூரன்ஸ். கூடுதலாக மாட்டிய எலெக்ட்ரிக் பொருள்களை பாலிசியில் சொல்லி, கொஞ்சம் பிரீமியம் கட்டிச் சேர்க்க முடியும். சொல்லாமல் மாட்டிய வயரால் வண்டி எரிந்தால் க்ளெய்ம் இழுபறியாகும். என் கத்திப்பாரா ராத்திரியில் மெயின் ஃபியூஸ் போகாமல் இருந்திருந்தால், இந்தப் பத்தியை நான் பஸ்ஸில் வந்து எழுதியிருப்பேன்.

யார் காசில்?

2024 கோடையில் புதுச்சேரி சிக்னல்களில் பச்சை வலைப் பந்தல் போட்ட வீடியோ வைரலானது. சென்னையிலும் சில சிக்னல்களில் போட்டார்கள். 2025-ல் சென்னை மாநகராட்சி அண்ணாநகரில் டெலிவரி ஊழியர்களுக்கு ஏசி ஓய்வறை திறந்தது. அதே வருஷ தமிழக பட்ஜெட்டில், 2,000 இணையவழிப் பணியாளர்களுக்குப் புது இ-ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். எல்லாமே நல்ல விஷயம். எல்லாமே வண்டியில் இருப்பவரின் வெயிலும் மழையும் பொதுப் பிரச்னை என்று ஒப்புக்கொள்வதுதான்.

ஆனால் அவர் உட்காரும் சீட்? அது இன்னும் அவர் சொந்தப் பிரச்னை. ஆபீஸில் எனக்கு முதுகு வலி என்றால் நாற்காலியை மாற்றித் தரச் சொல்லி மெயில் போடலாம். பத்து மணி நேரம் ஸ்கூட்டரில் உட்காருகிறவர் யாருக்கு மெயில் போடுவார்? டி-ஷர்ட்டின் நிறம் வரை கம்பெனி முடிவு செய்கிறது. சீட் ஃபோம் அவர் காசு, மழைக்கு ஃபிளெக்ஸ் அவர் காசு, வயரிங் எரிந்தால் அன்றைய வருமானமும் அவருடையது. ஜப்பானில் கூரையும் முன்கண்ணாடியும் வைத்த ஹோண்டாவின் ஜைரோ கேனபியை பீட்சா டெலிவரிக்காகவே பல வருஷமாக ஓட்டுகிறார்கள். இங்கேயும் வேலைக்கென்றே ஒரு ஸ்கூட்டர் வரட்டும், கெட்டி சீட்டும் மழைத் தடுப்பும் ஃபியூஸோடு சார்ஜரும் கம்பெனி வேலையாகவே வரட்டும். அதுவரை வேலை கொடுக்கிறவர்கள் சீட்டுக்கும் மழைக்குமாக வருஷத்துக்கு ஒரு தொகை கொடுத்தால் குறைந்தா போய்விடுவார்கள்?

போன வாரம் மெக்கானிக் அண்ணன் கடையில் ஒரு டெலிவரி தம்பி நின்றிருந்தார். சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பள்ளத்தில் எவ்வளவு ஃபோம் வைக்கலாம் என்று ரெண்டு பேரும் அளந்துகொண்டிருந்தார்கள். அண்ணன் முக்கால் இன்ச் போதும் என்றார், தம்பி ஒன்றரை கேட்டார். உட்கார வைத்து, கால் ஊன்றுகிறதா என்று பார்த்து, கடைசியில் ஒரு இன்ச்சில் முடிந்தது. வேலை முடிய ஒரு மணி நேரம் ஆகும் என்றதும் தம்பி ஆப்பைத் திறந்து தன்னை ஆஃப்லைனில் போட்டுக்கொண்டு, பக்கத்து டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.